கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்த வேலை

இன்று கொஞ்சம் நீளமான பதிவு. காபியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிதானமாகப் படியுங்கள். வேலைக்குப் போகும் மகளோ மருமகளோ பேத்தியோ வீட்டில் இருந்தால் அவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள்.

1949-ஆம் ஆண்டு. நாடு விடுதலை பெற்று இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. இந்திய வெளியுறவுப் பணியில், அதாவது ஐ.எஃப்.எஸ். பணியில் சேர 25 வயதுப் பெண் ஒருவர் வந்து நிற்கிறார். தேர்வு எழுதி, நேர்காணல் முடித்து, முறைப்படி தேர்ச்சி பெற்றவர். தேர்வு வழியாக அந்தப் பணிக்கு வந்த முதல் இந்தியப் பெண். அவரிடம் ஒரு உறுதிமொழி கேட்கிறார்கள். திருமணம் செய்துகொண்டால் வேலையை ராஜினாமா செய்துவிடுகிறேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும்.

அவர் எழுதிக் கொடுத்தார். வேலையில் சேர்ந்தார். சரியாக முப்பது வருடம் கழித்து, அந்த உறுதிமொழிக்குப் பின்னால் இருந்த மனோபாவத்தை உச்ச நீதிமன்றத்தின் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்.

அவர் பெயர் சி.பி. முத்தம்மா. நான் கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்துப் பள்ளிகளில் முப்பத்து மூன்று வருடம் வரலாறு நடத்தியவள். நான் நடத்திய பாடப்புத்தகங்களில் இவர் பெயர் வந்ததில்லை. விடுதலைப் போராட்டப் பாடம் முடிந்ததும், மணி அடிக்க ஐந்து நிமிடம் மிச்சம் இருந்தால் நானாகத்தான் சொல்வேன். அப்போதெல்லாம் கடைசி பெஞ்சுப் பிள்ளைகள்கூட எழுந்து உட்கார்ந்து கேட்பார்கள்.

முத்தம்மா குடகு மண்ணைச் சேர்ந்தவர். விராஜ்பேட்டையில் 1924-இல் பிறந்தார். அப்பா வனத்துறை அதிகாரி. முத்தம்மாவுக்கு ஒன்பது வயதாகும்போதே அவர் காலமாகிவிட்டார். நான்கு குழந்தைகளையும் அம்மாதான் படிக்க வைத்தார். மடிக்கேரியில் பள்ளிப் படிப்பு. அதன் பிறகு நம் சென்னை. நுங்கம்பாக்கம் பெண்கள் கிறித்தவக் கல்லூரியில் பட்டம், தங்கப் பதக்கங்களோடு. பிறகு கடற்கரையில் இருக்கும் மாநிலக் கல்லூரியில் எம்.ஏ. ஆங்கிலம். ஆங்கிலத்தில் பேசவும் எழுதவும் யாரிடமும் போய்ப் பாடம் கேட்க வேண்டிய நிலையில் அவர் இல்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

யு.பி.எஸ்.சி. நேர்காணலில் என்ன நடந்தது என்பதைப் பின்னாளில் அவரே தன் மனுவில் எழுதினார். வெளியுறவுப் பணி வேண்டாம் என்று தேர்வாணையத் தலைவரே அவர் மனதை மாற்றப் பார்த்தார். அதே தலைவர் பிற்பாடு ஒருமுறை, நேர்காணலில் உனக்குக் குறைந்தபட்ச மதிப்பெண் போட வைத்ததே நான்தான் என்று அவரிடம் நேரிலேயே சொன்னாராம். அப்படியும் முத்தம்மா தேர்ச்சி பெற்றார் என்றால் எழுத்துத் தேர்வில் எவ்வளவு வாங்கியிருக்க வேண்டும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். அந்தக் காலத்தில் வெளிநாட்டில் இந்தியாவின் முகமாக இருந்ததே ஒரு பெண்தான். விஜயலட்சுமி பண்டிட் 1947-இல் சோவியத் யூனியனுக்குத் தூதராகப் போனார். 1953-இல் ஐ.நா. பொதுச்சபைக்குத் தலைவரானார். அவரைத் தூதராக அனுப்ப அரசுக்குத் தயக்கம் இருக்கவில்லை. பெரிய குடும்பம், பிரதமரின் தங்கை, அரசியல் நியமனம். ஆனால் தகப்பன் இல்லாத ஒரு பெண் பரீட்சை எழுதி, சம்பளத்துக்கு வேலை பார்க்க வந்தபோதுதான் கல்யாணம், குடும்பம், குழந்தை என்ற கவலையெல்லாம் அரசுக்கு வந்தது.

இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது? வெள்ளைக்காரர் காலத்து ஐ.சி.எஸ். பணியில் பெண்ணே கிடையாது. பிரிட்டனிலும் திருமணமான பெண் அரசுப் பணியில் இருக்கக்கூடாது என்ற தடை பல காலம் இருந்தது. உள்நாட்டு அரசுப் பணியில் 1946-இல்தான் அதை எடுத்தார்கள். அவர்களுடைய வெளியுறவுப் பணியில் 1970-களின் தொடக்கம் வரை அது நீடித்தது. ஆள் போனாலும் அலமாரி போகவில்லை. அதில் இருந்த விதிகளை நாம் அப்படியே எடுத்துக்கொண்டோம்.

1950 ஜனவரி 26-இல் நம் அரசியலமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அரசு வேலையில் எல்லாருக்கும் சம வாய்ப்பு, ஆண் பெண் என்று பார்க்கக்கூடாது என்று 16-ஆவது பிரிவு சொல்கிறது. அதோடு அந்த உறுதிமொழிப் பழக்கம் ஒழிந்திருக்க வேண்டும். ஒழியவில்லை. பதினோரு வருடம் கழித்து, 1961-இல், வெளியுறவுப் பணிக்கு எழுதிய விதிகளிலேயே அது அச்சாகி வந்தது.

நடத்தை விதிகளில் 8(2) என்று ஒன்று. பெண் அதிகாரி திருமணம் செய்துகொள்வதற்கு முன் அரசிடம் எழுத்துமூலம் அனுமதி வாங்க வேண்டும். திருமணத்துக்குப் பிறகு, குடும்பப் பொறுப்புகள் இவருடைய வேலைக்கு இடைஞ்சலாக இருக்கும் என்று அரசு கருதினால் எப்போது வேண்டுமானாலும் ராஜினாமா செய்யச் சொல்லலாம். பணி நியமன விதிகளில் 18(4) என்று இன்னொன்று. திருமணமான பெண் இந்தப் பணியில் நியமனம் கேட்பதை உரிமையாகக் கோர முடியாது. ஐ.ஏ.எஸ். பணிக்கு 1954-இல் வந்த விதிகளிலும் இதே தொனியில் ஒரு பிரிவு உண்டு.

ஐ.ஏ.எஸ். என்றதும் எங்கள் பக்கத்து ஊர் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஓசூர்.

அன்னா ராஜம் என்ற கேரளப் பெண், பத்தனம்திட்டைப் பக்கம் நிரணத்தில் பிறந்தவர், சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் படித்தவர், 1951-ஆம் ஆண்டு அணியில் ஐ.ஏ.எஸ். ஆனார். நாட்டின் முதல் பெண் ஐ.ஏ.எஸ். அவருக்கும் நேர்காணலில் அதே கதை. வெளியுறவுப் பணி, மத்திய அரசுப் பணிகள் என்று எதையாவது எடுத்துக்கொள்ளுங்கள், அதெல்லாம் பெண்களுக்கு ஏற்றது என்றார்கள். கவனித்தீர்களா? முத்தம்மாவுக்கு எந்தப் பணி ஆகாது என்றார்களோ, அதே பணி அன்னா ராஜத்துக்குப் பொருத்தம் என்றார்கள்! ஆக, பெண்ணுக்கு ஏற்ற வேலை எது என்பது அவள் கேட்காத வேலை எதுவோ அதுதான்.

அன்னா ராஜம் விடவில்லை. ஐ.ஏ.எஸ்.தான் வேண்டும், அதிலும் மெட்ராஸ் மாநிலம்தான் வேண்டும் என்று வாதாடி வாங்கினார். திருமணமானால் பணி முடிவுக்கு வரும் என்று அவருடைய நியமன ஆணையிலேயே எழுதியிருந்தது என்று பின்னாளில் பேட்டியில் சொல்லியிருக்கிறார். அப்போது முதலமைச்சர் ராஜாஜி. பெண்களைக் களத்துக்கு அனுப்புவதில் அவருக்கு விருப்பமில்லை. தலைமைச் செயலகத்திலேயே ஒரு வேலை தருகிறேன் என்றார். அன்னா ராஜம் என்ன பதில் சொன்னார்? குதிரை ஏறவும் துப்பாக்கி சுடவும் மாஜிஸ்திரேட் அதிகாரத்தைப் பயன்படுத்தவும் ஆண்களுக்குக் கொடுத்த அதே பயிற்சியை எனக்கும் கொடுத்திருக்கிறீர்கள், சட்டம் ஒழுங்கை அவர்களைப் போலவே என்னாலும் பார்க்க முடியும் என்று வாதாடினார். ஓசூர் சப்-கலெக்டராகப் போட்டார்கள்.

அப்போது ஓசூர் சேலம் மாவட்டத்தில் இருந்தது. இன்றைக்கு இருக்கும் தொழிற்சாலை ஓசூர் இல்லை. காடும் மேடும் யானையும் இருந்த ஓசூர். அந்த அம்மா குதிரையில் கிராமங்களுக்குப் போவார். ஒரு ஊரில் பெண்களெல்லாம் அவரைப் பார்க்கக் கூடிவிட்டார்கள். ஒரு பாட்டி அவரைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, இவங்களும் நம்மள மாதிரிதானே இருக்காங்க என்ற பொருளில் ஏதோ சொன்னாராம். பாட்டிக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான் போலிருக்கிறது என்று அன்னா ராஜம் பேட்டியில் நினைவுகூர்ந்தார். என் மாணவிகளுக்கு மிகவும் பிடித்த கதை இது. நம்மள மாதிரி ஒருத்தி குதிரையில் வருகிறாள் என்பதைவிட அந்தக் கிராமத்துச் சிறுமிகளுக்கு வேறென்ன பாடம் வேண்டும்?

அவர் பிறகு திருமணமும் செய்துகொண்டார், பணியிலும் தொடர்ந்தார். மும்பை அருகே நவ சேவா துறைமுகத்தை உருவாக்கிய பணிக்குத் தலைமை தாங்கினார். 1989-இல் பத்மபூஷண். 2018-இல் 91 வயதில் காலமானார்.

இதையெல்லாம் இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், போன மாதம் என் பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். பெயர் வேண்டாம், கம்பெனி பெயரும் வேண்டாம். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. பதினோரு வருட அனுபவம். பிரசவ விடுப்பு முடிந்து திரும்பி இரண்டு வருடம் ஆகிறது. இரண்டு முறையும் மேனேஜர் பதவி கைநழுவிப் போயிருக்கிறது. அவளிடம் வேலை கற்றுக்கொண்ட பையனுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

"காரணம் என்னம்மா சொன்னாங்க?" என்றேன்.

"கம்யூனிகேஷன் போதாதாம் டீச்சர். கான்ஃபிடன்டா பேசணுமாம். அதுக்கு ஒரு கோர்ஸ் இருக்கு, நாற்பதாயிரம் ரூபாய். சேரட்டுமா டீச்சர்?"

பள்ளியில் பேச்சுப் போட்டியில் மாவட்ட அளவில் பரிசு வாங்கியவள் அவள். அவளுக்குப் பேசத் தெரியாதாம்.

நான் அவளிடம் கேட்டது இரண்டே கேள்வி. "எந்த மீட்டிங்ல, எந்த விஷயத்துல உன் பேச்சு போதலைன்னு சொன்னாங்களா? அதை எழுத்துல குடுத்தாங்களா?" இரண்டுக்கும் இல்லை என்றாள். "அப்போ பணத்தைக் கட்டறதுக்கு முன்னாடி முத்தம்மா கதையை முழுசாக் கேளு" என்றேன். பள்ளியில் ஐந்து நிமிடத்தில் சொல்லி முடித்ததை அன்றைக்கு முக்கால் மணி நேரம் சொன்னேன். அதைத்தான் உங்களுக்கும் எழுதுகிறேன்.

முத்தம்மா பணியில் படிப்படியாக உயர்ந்தார். 1970-இல் ஹங்கேரிக்கு இந்தியத் தூதரானார். வெளியுறவுப் பணியிலிருந்து தூதரான முதல் பெண் அவர்தான். அதன் பிறகு கானா. அடுத்தது பணியின் மேல்மட்டமான முதல் நிலைக்குப் பதவி உயர்வு. அங்கேதான் நிறுத்தினார்கள். அவருக்கு இளையவர்கள் சிலர் மேலே போனார்கள். சொன்ன காரணம், போதிய தகுதி இல்லை.

"போதிய தகுதி இல்லை", "கம்யூனிகேஷன் போதாது". நாற்பத்தைந்து வருட இடைவெளி. வார்த்தை மட்டும் மாறியிருக்கிறது. அளந்து பார்க்க முடியாத காரணத்துக்கு ஒரு வசதி உண்டு. அதை மறுத்து எதையும் நிரூபிக்க முடியாது. கேட்டவள்தான் கண்ணாடி முன் நின்று தன்னிடம் என்ன குறை என்று தேடிக்கொண்டிருப்பாள்.

முத்தம்மா கண்ணாடியைப் பார்க்கவில்லை. விதிப்புத்தகத்தைப் பார்த்தார். 1979-இல், பணியில் இருந்துகொண்டே, தன்னை வேலைக்கு வைத்திருக்கும் இந்திய அரசின் மீது நேராக உச்ச நீதிமன்றத்தில் ரிட் மனு போட்டார். இது எவ்வளவு பெரிய துணிச்சல் என்று அரசு வேலை பார்த்தவர்களுக்குப் புரியும். மேலதிகாரியைப் பற்றி ஒரு புகார்க் கடிதம் எழுதவே நமக்குக் கை நடுங்கும்.

மனுவில் என்ன எழுதினார் என்பதுதான் முக்கியம். எனக்கு அநியாயம் நடந்துவிட்டது என்று பொதுவாக எழுதவில்லை. நேர்காணலில் தலைவர் சொன்னது, பணியில் சேரும்போது எழுதி வாங்கிய உறுதிமொழி, 8(2), 18(4) என்று விதிகளின் எண்கள், பதவி உயர்வு மறுக்கப்பட்டது, பதவி உயர்வை முடிவு செய்யும் இடங்களில் பெண்கள் மீது இருக்கும் தப்பெண்ணம் என்று ஒவ்வொன்றாக வைத்தார். முப்பது வருடத்துச் சங்கதி ஒரே கோவையில் வந்து சேர்ந்தது.

வழக்கு நடக்கும்போதே சில மாதங்களில் அவருக்குப் பதவி உயர்வு வந்துவிட்டது! நெதர்லாந்தில் ஹேக் நகருக்குத் தூதராக நியமித்தார்கள். அரசுத் தரப்பில் ஆஜரான சொலிசிட்டர் ஜெனரல் சோலி சொராப்ஜி, 18(4) விதி 1973-லேயே நீக்கப்பட்டுவிட்டது, 8(2) விதியும் நீக்கப்பட்டு வருகிறது என்று நீதிமன்றத்தில் தெரிவித்தார்.

1979 செப்டம்பர் 17 அன்று தீர்ப்பு. நீதிபதிகள் வி.ஆர். கிருஷ்ணய்யர், பி.என். சிங்கல். தீர்ப்பை எழுதியவர் கிருஷ்ணய்யர். வழக்குக்குப் பிறகு வந்த இந்தப் பதவி உயர்வு வழக்கினால் வந்ததுதானா என்று ஒரு லத்தீன் பழமொழியை வைத்து அவர் ஒரு குத்துக் குத்தினார். குடும்பப் பொறுப்பு வேலைக்கு இடைஞ்சல் என்றால் அது ஆண் அதிகாரிக்கும்தானே இடைஞ்சல், பெண்ணுக்கு மட்டும் ஏன் இந்த விதி என்று கேட்டார். விடுதலைப் போராட்டம் பெண்ணின் அடிமைத்தனத்துக்கு எதிரான போராட்டமாகவும் இருந்ததே, அதை மறந்துவிட்டோமா என்ற பொருளில் எழுதினார். வேடிக்கை என்னவென்றால், பதவி உயர்வு கிடைத்துவிட்டதால் மனு சட்டப்படி தள்ளுபடிதான் ஆனது. ஆனால் தள்ளுபடி செய்த அதே தீர்ப்பில், இடையில் இளையவர்கள் முந்திக்கொண்ட பணி மூப்பு விஷயத்தை அரசு மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்றும், பெண் என்பதற்காகப் பாகுபாடு காட்டும் எல்லாப் பணி விதிகளையும் அடுத்த வழக்கு வரும்வரை காத்திராமல் தானாகவே திருத்த வேண்டும் என்றும் சொன்னார்கள். தோற்ற வழக்கு என்று யாராவது சொல்ல முடியுமா?

உடனே எல்லாம் மாறிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டே வருடத்தில், 1981-இல், ஏர் இந்தியா விமானப் பணிப்பெண்கள் வழக்கு வந்தது. முதல் முறை கர்ப்பமானாலே வேலை போய்விடும் என்ற விதியை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. ஆனால் சேர்ந்து நான்கு வருடத்துக்குள் திருமணம் செய்யக்கூடாது என்ற விதியை அப்படியே இருக்க விட்டது. ஒரு படி ஏறினால் அரைப் படி சறுக்கும். வரலாறு நடத்தியவர்களுக்கு இது புதிது இல்லை.

இப்போது என் மாணவிக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

தைரியமாகப் பேசு, நிமிர்ந்து உட்கார், கண்ணைப் பார்த்துப் பேசு என்று பெண்களுக்குச் சொல்லிக்கொடுப்பதில் தப்பில்லை. நானே முப்பது வருடம் சொல்லியிருக்கிறேன். கூச்சம் போக வேண்டியவர்களுக்கு அது உதவும். ஆனால் எல்லாக் குறையும் பெண்ணின் தொண்டையில்தான் இருக்கிறது என்று நம்ப வைத்துவிடக்கூடாது. தங்கப் பதக்கம் வாங்கிய ஆங்கிலத்தை வைத்துக்கொண்டிருந்த முத்தம்மாவையே தகுதி போதாது என்றார்கள். எதிரில் இருப்பவர் கேட்கத் தயாராக இல்லாதபோது நீ எவ்வளவு அழகாகப் பேசினாலும் அது அவர் காதில் விழாது. அவர் கேட்டே ஆக வேண்டிய இடத்தில், கேட்டே ஆக வேண்டிய முறையில் பேசக் கற்றுக்கொள்வதுதான் உண்மையான பேச்சுத் திறமை.

முதலில், உன் அலுவலகத்தின் விதிகளைப் படி. அரசு வேலையில் பணி விதிகள் இருப்பதுபோலத் தனியார் கம்பெனியிலும் பதவி உயர்வுக்கு என்று ஒரு கொள்கை எழுதி வைத்திருப்பார்கள். பாதிப் பேர் அதைத் திறந்தே பார்ப்பதில்லை. என்னென்ன தகுதி கேட்டிருக்கிறார்கள், அதில் உன்னிடம் எது இருக்கிறது என்று வரிவரியாக எழுது.

இரண்டாவது, காரணத்தை எழுத்தில் கேள். சண்டை போடுவதுபோல வேண்டாம். "நான் முன்னேற வேண்டும் என்று விரும்புகிறேன். எந்த வேலையில், எந்தக் கூட்டத்தில் என் பேச்சு போதவில்லை என்று குறிப்பிட்டுச் சொன்னால் திருத்திக்கொள்ள உதவியாக இருக்கும்" என்று மரியாதையாக ஒரு மின்னஞ்சல். உண்மையான குறை இருந்தால் தெரிந்துவிடும், திருத்திக்கொள்ளலாம். இல்லையென்றால் அதுவும் தெரிந்துவிடும். வாய்வார்த்தையாகச் சொல்வதை எழுதச் சொன்னால் பலருக்குப் பேனா நகராது.

மூன்றாவது, உன் வேலையைத் தேதி போட்டுக் குறித்து வை. யார் பாராட்டினார்கள், எந்த வேலையை நீ முடித்துக் கொடுத்தாய், யாருக்குப் பயிற்சி கொடுத்தாய், எல்லாம். அன்னா ராஜம் நான் திறமைசாலி என்று சொல்லிக்கொண்டு நிற்கவில்லை. இந்தப் பயிற்சி பெற்றிருக்கிறேன், இந்த வேலை செய்வேன் என்றார். தன்னைப் பற்றிப் பேசக் கூச்சப்படும் பெண்கள்கூட வேலையைப் பற்றிப் பேசக் கூச்சப்பட மாட்டார்கள். அங்கிருந்து ஆரம்பி.

இந்தப் பதிவைப் படிக்கும் தம்பிகளுக்கும் ஒரு வார்த்தை. உங்களில் பலர் இன்று மேனேஜர்களாக, தலைமை ஆசிரியர்களாக, அதிகாரிகளாக இருக்கிறீர்கள். கூட்டத்தில் ஒரு பெண் பேச ஆரம்பிக்கும்போது குறுக்கே பேசாமல் முடிக்க விடுங்கள். அவள் சொன்ன யோசனையை அடுத்தவன் திரும்பச் சொன்னால், இதை முதலில் சொன்னது அந்த அம்மாதான் என்று எடுத்துச் சொல்லுங்கள். ஒருவருக்குப் பதவி உயர்வு இல்லை என்று எழுதும்போது காரணத்தைத் தெளிவாக எழுதுங்கள். எழுத முடியாத காரணம் என்றால் அது காரணம்தானா என்று உங்களையே ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

முத்தம்மா 1982-இல் ஓய்வு பெற்றார். கடைசிவரை திருமணம் செய்துகொள்ளவில்லை. அது அவருடைய விருப்பமா, அந்தத் தாள் செய்த வேலையா என்று நாம் ஆராய வேண்டியதில்லை. 2001-இல் சோகிலா ஐயர் நாட்டின் முதல் பெண் வெளியுறவுச் செயலாளர் ஆனார். 2009 ஆகஸ்டில் நிருபமா ராவ் அந்தப் பதவிக்கு வந்த இரண்டாவது பெண். அதே ஆண்டு அக்டோபரில் பெங்களூரில் முத்தம்மா காலமானார்.

இன்று வெளியுறவுப் பணியில் சேரும் பெண்ணிடம் யாரும் அந்த உறுதிமொழியைக் கேட்பதில்லை. அப்படி ஒன்று இருந்தது என்பதே பலருக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகத்தான் எழுதினேன்.

உங்கள் வேலையில் உங்களுக்குச் சொல்லப்பட்ட, எழுதித் தரப்படாத காரணங்கள் ஏதாவது இருந்தால் பின்னூட்டத்தில் எழுதுங்கள் சகோதரிகளே. அலுவலகத்தின் பெயர் வேண்டாம், காரணத்தை மட்டும் எழுதுங்கள். எல்லாவற்றையும் படித்துப் பதில் எழுதுகிறேன். ஓய்வு பெற்றவளுக்கு நேரத்துக்கா பஞ்சம்!